வாடை நீக்கம்: கூழும் கூனியும் மேலேறிய கதை

1

சமையல் பற்றிய பேச்சில் 'உயர்த்துதல்' என்றொரு வினை சில வருஷங்களாகப் புழங்குகிறது. ஏழைகளின் உணவு என்று அறியப்பட்ட ஒன்றை எடுத்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, அகலமான பீங்கான் கிண்ணத்தின் நடுவில் கொஞ்சமாக வைத்து, மேலே இரண்டு தழையைத் தூவினால் அது உயர்த்தப்பட்ட உணவாகிவிடுகிறது. இலக்கணப்படி இது செயப்படுபொருள் குன்றாத வினை. எது உயர்த்தப்படுகிறது என்பது தெரிகிறது. உயர்த்துவது யார், எங்கிருந்து எங்கே, அதற்கு முன்னால் அதைத் தாழ்த்தி வைத்திருந்தது யார் என்ற கேள்விகளை மட்டும் இந்த வினை லாவகமாக விழுங்கிவிடுகிறது.

சென்னை அபிராமபுரத்தின் சில அடுக்ககச் சமையலறைகளில் அப்படியொரு பண்டம் இப்போது செய்யப்படுகிறது. கேழ்வரகையும் அரிசி நொய்யையும் களிப் பதத்தில் கிளறி, அதன்மேல் வெண்ணெயில் வதக்கிய பெரிய இறால்களை அடுக்குகிறார்கள். இதற்கு மூலப்பிரதி அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்வந்தவர்கள் அங்கே தின்ற 'ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்'தான் அது. "கிரிட்ஸ் இங்க கெடைக்கல, அதான் நம்ம ராகியும் நொய்யும் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பரிமாறுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது.

ஆனால் கூழும் எறாவும் என்ற சேர்க்கை இந்த ஊருக்குப் புதிதல்ல. மூட்டை தூக்கியவர்களும் சித்தாள் வேலைக்குப் போனவர்களும் வலை இழுத்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் காலையில் குடித்தது கூழ். அதற்குக் கடித்துக்கொண்டது கருவாடு, அல்லது வறுத்த கூனி. சென்னைப் பேச்சில் சென்னாக்கூனி. அபிராமபுரத்தின் கிழக்கு ஓரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருந்த இந்த உணவு, கால்வாயைத் தாண்டி மாடிவீட்டுக்கு வர வடஅமெரிக்கா வழியாகச் சுற்றி வந்து அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்தச் சுற்றுவழியின் சரித்திரத்தைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் அந்த மூலப்பிரதி. கிரிட்ஸ் என்பது மக்காச்சோளத்தை உடைத்த ரவை. தமிழில் சொன்னால் சோள நொய். அதைத் தின்னக் கற்றுக்கொடுத்தவர்கள் அமெரிக்காவின் பூர்வகுடிகள். தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் தாழ்ந்த கடற்கரைப் பகுதியில் நெல் விளைவிக்க ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் சந்ததியினர் கல்லா கீச்சி என்று அழைக்கப்படுகிறார்கள். அவர்கள் கழிமுகத்து ஓடைகளில் வலைவீசிப் பிடித்த சிறு இறாலோடு இந்த நொய்க்கஞ்சியைத் தின்றார்கள். சார்ல்ஸ்டன் நகரத்தில் இறாலும் மீனும் பிடித்துத் தெருவில் கூவி விற்ற கறுப்பின மீனவர்களின் சிறு படகுக் கூட்டத்துக்குக் 'கொசுப்படை' என்று பெயர். இறால் அங்கே காலைச்சாப்பாடு, மலிவான சாப்பாடு.

அதே கரோலினாவில் இன்னொரு நொய்யும் உண்டு. நெல் குத்தும்போது உடைந்துபோகும் அரிசி. முழு அரிசி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. உடைந்தது, நெல்லை விளைவித்தவர்களின் பானைக்குப் போயிற்று. தஞ்சாவூர்ப் பண்ணைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நொய் என்ற சொல்லே தமிழில் மென்மை, அற்பம், வலுவின்மை எல்லாவற்றையும் ஒருசேரக் குறிக்கும். முழுமையானது சந்தைக்கு, உடைந்தது உழைத்தவனுக்கு என்ற பங்கீடு இரண்டு கண்டங்களிலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது.

1930இல் வெளியான 'டூ ஹண்ட்ரட் இயர்ஸ் ஆஃப் சார்ல்ஸ்டன் குக்கிங்' என்ற சமையல் புத்தகத்தில் இறாலும் ஹாமினியும் சேர்ந்த குறிப்பு இடம்பெற்றது. (சார்ல்ஸ்டனில் கிரிட்ஸையே ஹாமினி என்பார்கள்.) அந்தப் புத்தகத்தின் ருசிக்குப் பின்னால் இருந்த கைகளில் முக்கியமானவை வில்லியம் டீஸ் என்ற கறுப்பினச் சமையற்காரருடையவை. பெயர் புத்தகத்துக்குள் இருக்கிறது, அட்டையில் இல்லை. 1982இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் க்ரூக்ஸ் கார்னர் என்ற உணவகம் திறக்கப்பட்டது. அதன் சமையற்கலைஞர் பில் நீல், கிரிட்ஸில் பாலாடைக்கட்டியைக் கலந்து, இறாலோடு பன்றிக்கொழுப்பும் காளானும் வெங்காயத்தாளும் சேர்த்தார். 1985இல் க்ரெய்க் கிளெய்போர்ன் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அதை எழுதியதும் அந்தப் பண்டம் நாடு முழுக்கப் பரவிற்று. க்ரூக்ஸ் கார்னர் 2021இல் மூடப்பட்டுவிட்டது, பண்டம் நிலைத்துவிட்டது. அதன் பிறப்புக் கதையை 1985இலிருந்து சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயர்த்துதல் என்ற வினை ஒரு பண்டத்துக்குப் பிறந்த தேதியையும் மாற்றிக் கொடுத்துவிடும்.

3

இதை ஏதோ அமெரிக்க விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. மதராஸில் இதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பே இது நடந்திருக்கிறது.

1878இல் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ஆர்தர் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி; வைவர்ன் என்பது புனைபெயர். மதராஸின் ஆங்கிலேய வீடுகளில் மேஜையை எப்படி நாகரிகப்படுத்துவது என்பதுதான் விஷயம். பிரெஞ்சு முறை விருந்துப் பட்டியல்கள் நிறைய. சமையலறையில் நிற்கும் தமிழ்ச் சமையற்காரனுக்கு அதில் ஒரே பெயர்: ராமசாமி. அது ஓர் ஆளின் பெயரல்ல, ஒரு வகைக்கு வைத்த பெயர். எல்லாச் சமையற்காரனும் ராமசாமிதான்.

அந்தப் புத்தகத்தில் மல்லிகடானி சூப் பற்றிய பகுதி நமக்கு முக்கியம். மிளகு, தண்ணீர் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களிலிருந்து பெயர் வந்தது, மதராஸின் ஏழை ஜனங்கள் குடிக்கும் மிளகுத்தண்ணிதான் அதன் எளிய வடிவம் என்று வைவர்ன் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். ஆங்கிலேயர்கள் அதில் கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்த்த சாறை ஊற்றிக் கனமாக்கினார்கள். உயர்த்துதலின் இலக்கணம் இங்கேயே முழுமையாக இருக்கிறது. மூலம் ஒப்புக்கொள்ளப்படுகிறது, ஒப்புக்கொண்ட கையோடு 'எளிய வடிவம்' என்ற கூண்டில் அடைக்கப்படுகிறது. 'எளிய' என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குத் தொழில்நுட்பம் இல்லை, காலம் இல்லை, ஆசிரியர் இல்லை என்று ஆகிவிடும்.

1878 என்ற தேதியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தில் கொடும்பஞ்சம், லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 1877 ஜனவரியில் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனின் தானியக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், என்று குறைத்தார். கூடவே கொஞ்சம் காசு. இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கணக்குப் போட்டு வாதாடினார். உயிரைப் பிடித்துவைக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு தானியம் வேண்டும் என்று அதிகார வர்க்கம் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அதே ஊரில் விருந்துப் பட்டியல் எழுதப்படுகிறது. இரண்டும் தமிழனின் கஞ்சியைப் பற்றிய பிரதிகள்தாம். ஒன்று அதைக் குறைக்கிறது, இன்னொன்று உயர்த்துகிறது.

மதராஸின் நிலப்படத்தில் பஞ்சங்கள் இரண்டு தடயங்களை விட்டிருக்கின்றன. ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று ஜனங்கள் அழைத்தார்கள். இரண்டாவது தடயம் நம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. பஞ்சத்தின்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மயிலாப்பூரையும் மந்தைவெளியையும் ஒட்டி, அபிராமபுரத்துக்கு அருகே ஓடுவது இந்தத் துண்டுதான். கஞ்சிக்காக மண் வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களும் ராமசாமிகள்தாம்.

4

கூழ் என்ற சொல் எப்போதும் கீழேயே கிடந்ததில்லை. திருக்குறளில் அரசனுக்கு உரிய ஆறு உறுப்புகளில் கூழும் ஒன்று. உரைகாரர்கள் அதற்குப் பொருள், செல்வம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். குழந்தை கைவிட்டு அளைந்த கூழை அமிழ்தத்துக்கு மேலே வைப்பதும் அதே நூல்தான். பொதுவாக உணவு என்றும் செல்வம் என்றும் பொருள்பட்ட சொல், பிறகு கரைத்துக் குடிக்கும் தானியமாக, ஏழையின் அடையாளமாகச் சுருங்கியது. "கூழானாலும் குளித்துக் குடி" என்ற பழமொழியில் அந்த 'ஆனாலும்' எவ்வளவு பேசுகிறது பாருங்கள். "கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை" என்பது கூழையும் கௌரவத்தையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. கூழ் குடித்தால் மீசை நனையும். மீசை உள்ளவன் கூழ் குடிக்கக்கூடாது.

கூழ் பொதுவெளியில் தலைநிமிர்ந்து நிற்பது ஆடி மாதத்தில் மட்டும். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன், கோலவிழி அம்மன் கோயில்கள் தொடங்கி தெருமுனை அம்மன் வரை அண்டா அண்டாவாகக் கூழ் ஊத்துறாங்க. இதற்குச் சொல்லப்படும் ரேணுகா கதையில், தீயில் வெந்து, உடம்பெல்லாம் கொப்புளமாகி, வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு வந்த தாய் சேரிக்குப் போய்ப் பசிக்குக் கேட்கிறாள். கிடைத்த மாவைத் தின்று பசியாறுகிறாள். தெய்வம் கீழே இறங்கிவந்து வாங்கிச் சாப்பிட்ட உணவு அது. இங்கே கூழை யாரும் உயர்த்தவில்லை. தெய்வமே கூழின் மட்டத்துக்கு வருகிறது. அண்டாவுக்கு முன்னால் நிற்கிறவர்களும் ஒரே வரிசையில் சொம்பு ஏந்தி நிற்கிறார்கள். வருஷத்தில் சில நாள்தான் என்றாலும் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

மற்ற நாட்களில் கூழ் குடித்தவனின் கனவு அரிசிச்சோறு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அவ்வளவு வலுவாகப் பேசியதற்குக் காரணம் பசி மட்டுமல்ல. நெல்லுச்சோறு மானத்தோடு சம்பந்தப்பட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் சோறு பார்த்தவர்களுக்கு அரிசி என்பது ஓர் உரிமைக் கோரிக்கை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். இந்த நாற்பத்துச்சொச்சம் வருஷங்களில் உழைக்கும் மக்கள் கூழிலிருந்து சோற்றுக்கு ஏறினார்கள். அவர்கள் ஏறிவந்து சேர்ந்த நேரம் பார்த்து மேல்மாடிக்காரர்கள் சோற்றைக் கைவிட்டுக் கூழைத் தேடி இறங்கினார்கள். காரணம் சர்க்கரை வியாதி. கூடவே, எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றினால் நம்மைத் தனித்துக் காட்ட முடியாது என்பதும். ருசி என்பது வர்க்கம் தன்னை வகைப்படுத்திக்கொள்ளும் கருவி என்று பூர்தியூ 1979இல் 'டிஸ்டிங்ஷன்' நூலில் பிரான்சை வைத்துச் சொன்னதை, ராகியும் ரேஷன் அரிசியும் இடம் மாறிக்கொண்ட நம் கதையை வைத்தும் சொல்லியிருக்கலாம்.

2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, முன்மொழிந்தது இந்தியா. அந்த ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்ட உரையில் சிறுதானியங்களுக்கு 'ஸ்ரீ அன்னா' என்று பெயர் சூட்டப்பட்டது. எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகர்களைப் பற்றிய நூலில் மேல்நிலையாக்கம் என்று விவரித்த நடைமுறை இப்போது தானியத்துக்கும் வந்துவிட்டது. மேலே போக வேண்டுமென்றால் ராகியும் சமஸ்கிருதப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடு; ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து நம்முடையதாயிற்று. ஆனால் பெயர் மாற்றத்தைக் கேலி செய்வதோடு விஷயம் முடிவதில்லை. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது தமிழக அரசு. பட்டத்தைவிட இந்த 2 கிலோவே கேழ்வரகுக்குச் செய்த மரியாதை என்பேன்.

5

கூழ் ஏறிய ஏணி இது. இறால் ஏறியது வேறு ஏணியில்.

பட்டினப்பாலையில் புகார்ப் பரதவர்கள் கடல் இறாலைச் சுட்டுத் தின்கிறார்கள். நம் இலக்கியத்தில் இறால் நுழைவதே உழைப்பாளியின் தீனியாகத்தான். 1950கள் வரை இந்தியக் கரைகளில் இறாலுக்குப் பெரிய விலை கிடையாது. கேரளத்தில் காயவைத்து பர்மாவுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியது தென்னைக்கு உரம். நார்வே நாட்டு உதவியுடன் 1953இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் தொடங்கிய மீன்வளத் திட்டமும், அதையொட்டி வந்த உறைபதன ஏற்றுமதியும், அமெரிக்க, ஜப்பானியச் சந்தைகளும் இறாலை 'இளஞ்சிவப்புத் தங்கம்' ஆக்கின. விசைப்படகுகள் வந்தன. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கடலிலேயே மோதல் நடந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்ததற்குப் பின்னணி அதுதான்.

அடுத்தது இறால் பண்ணை. 1990களில் நாகப்பட்டினம் பக்கம் நெல்வயல்களில் உப்புநீரைத் தேக்கினார்கள். குடிநீர் கெட்டது, விவசாயக் கூலிகளுக்கு வேலை போயிற்று. காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்குப் புது வழி திறந்தது. 2009இல் வன்னாமி என்ற இறால் அனுமதி பெற்று உள்ளே வந்தது. அதன் பூர்வீகம் லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரை. இன்று இந்திய ஏற்றுமதி இறாலில் பெரும்பகுதி அதுதான். பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா.

ஆக, வட்டம் எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒரு தட்டு ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ் தின்கிறவர் நம் கிழக்குக் கரைக் குட்டையில் வளர்ந்த இறாலைத் தின்றுகொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த மலிவு இறாலால் பிழைப்புக் கெட்டது என்று அங்குள்ள இறால் மீனவர்கள் வழக்காடி, 2005இல் இந்திய இறாலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட வைத்தார்கள். 2025இல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதம் வரை ஏற்றியபோது ஆந்திர, தமிழகப் பண்ணைக்காரர்கள் அலறினார்கள். அங்கே மீனவன், இங்கே கூலிக்காரன், இருவரும் இறாலை விலைக்கு விட்டுவிட்டு மலிவானதைத் தின்கிறார்கள். அபிராமபுரத்துக் கிண்ணத்தில் ஆப்பிரிக்கத் தானியமும் அமெரிக்க இறாலும் சந்திக்கின்றன. அதைப் 'பாரம்பரிய உணவு' என்று அழைக்கிறோம். நியாயம்தான், பாரம்பரியம் என்பதே இப்படிப்பட்ட கலவைதான். யாருடைய பாரம்பரியம் என்று கேட்டால்தான் சிக்கல்.

6

இனி உயர்த்தும்போது எது போகிறது என்பதைப் பார்க்கலாம். எதைச் சேர்க்கிறார்கள் என்பதைவிட எதை நீக்குகிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. கூழின் புளிப்பு நீக்கப்படுகிறது. கூனியின் வாடை நீக்கப்படுகிறது. அபிராமபுரத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் காதில் விழுந்த பேச்சு:

"கூழுக்கு மாவு எப்டி கரைக்கிறது, கொஞ்சம் சொல்லும்மா."

"கூழா? உங்களுக்கா? ஏம்மா, டாக்டரு எதுனா சொல்ட்டாரா?"

"அதெல்லாம் இல்ல. சும்மாதான்."

"ராத்திரியே கரைச்சி வெச்சிடணும். புளிக்கணும். புளிக்கலன்னா அது கூழு இல்ல, கஞ்சி."

"புளிச்ச வாடை வருமே?"

"வரும். வந்தாத்தான்மா கூழு."

இந்த ஆறு வரியில் ஒரு சமையல் சாஸ்திரமே இருக்கிறது. புளிப்பு என்பது பழசாகிப்போனதன் குறையல்ல, அது ஒரு தொழில்நுட்பம். நுண்ணுயிர்கள் மாவில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டேட் அதையும் இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். புளிக்கும்போது அந்தக் கட்டு தளர்கிறது. புளித்த மாவை வெந்த நொய்யில் ஊற்றிக் கிளறி, மறுநாள் கரைத்துக் குடிக்கிற முறை, வெயிலில் நிற்கிற உடம்புக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. 'எளிய வடிவம்' என்று வைவர்ன் காலத்திலிருந்து சொல்லப்பட்டுவருவதன் உள்ளே இவ்வளவு வேலை இருக்கிறது.

கூனியின் விஷயம் இன்னும் கூர்மையானது. நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது, இன்று துர்வாடையை. கூழ் விழுந்த மாதிரியே அதுவும் விழுந்தது. எந்த வாடை யாருடையது என்பதை வைத்து வீடு கிடைப்பதும் கிடைக்காததும் இந்தப் பகுதியில் தீர்மானமாகிறது. 'சைவம் மட்டும்' என்ற வாடகை நிபந்தனை மயிலாப்பூர், மந்தைவெளி, அபிராமபுரத்தில் யாருக்கும் புதிதல்ல. அதில் சாதியின் பெயர் இருக்காது, மூக்கின் பெயர்தான் இருக்கும். அசைவத்துக்கு இடம் தரும் கட்டடத்திலும் கருவாடு வறுத்தால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். எனவேதான் உயர்த்தப்பட்ட கிண்ணத்தில் கூனிக்கு இடமில்லை. ஐஸில் வந்த, நரம்பு நீக்கிய, வாடையில்லாத பெரிய இறாலுக்கு இடம் உண்டு. உயர்த்துதல் என்பதற்குச் சரியான தமிழ், வாடை நீக்கம்.

வாடையை நீக்குவதும் ஆட்களை நீக்குவதும் ஒரே சொல்லாடலின் இரண்டு கிளைகள். அபிராமபுரத்துக்குப் பக்கத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய் ஓரம் இருந்த கோவிந்தசாமி நகர் வீடுகள், நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 மே மாதம் இடிக்கப்பட்டன. அங்கே வாழ்ந்த ஒருவர் எல்லோர் கண்முன்னும் தீக்குளித்து இறந்தார். அதே கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு 1997இல் திருமயிலை வரைக்கும், 2004இல் திருவான்மியூர் வரைக்கும் பறக்கும் ரயில் வந்தது. அதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயரில்லை, வளர்ச்சி. பல வருஷங்களாகவே நகரத்தின் கரையோரத்து ஜனங்களைப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று தெற்கே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரும்பாக்கத்திலிருந்து அபிராமபுரம் சுமார் 20 கிலோமீட்டர். வீட்டுவேலைக்கு விடிகாலை பஸ் பிடிக்கிற பெண்ணுக்கு ராத்திரி மாவு கரைக்க நேரம் இருக்குமா? கூழைக் கற்றுக்கொடுத்தவரின் வீட்டில் கூழ் இல்லாமல் போவதும், கற்றுக்கொண்டவர் வீட்டில் அது விருந்தாவதும் ஒரே நேரத்தில் நடக்கிற காரியங்கள்.

கடற்கரையிலும் இதே கதைதான். பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையில் மீன் விற்ற பெண்களின் கடைகள் 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டன. போராட்டத்துக்குப் பிறகு 2024இல் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். கூரை நல்லதுதான், தண்ணீர் வசதியும் நல்லதுதான். ஆனால் எதற்காக நவீனமாக்குகிறோம் என்ற பேச்சில் முதலில் வந்தது மீன் விற்பவளின் முதுகுவலி அல்ல, காரில் போகிறவரின் மூக்கு.

7

"அப்ப என்னதான்யா சொல்ற? வீட்ல செஞ்சி சாப்பிடக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். ஒருவர் உணவை இன்னொருவர் தொடக்கூடாது என்பது சாதியின் வாதம்; அதை நாம் வேறு வேஷத்தில் பேச முடியாது. கலப்பதும் தின்பதும் நல்லது. கேள்வி, எப்படிச் செய்வது என்பதில் இருக்கிறது.

ஒரு பங்கு கேழ்வரகு மாவை ராத்திரியே தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். சென்னை வெயிலுக்கு எட்டு மணி நேரம் தாராளம். மறுநாள் அரைப் பங்கு நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறுங்கள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உப்பு போட்டு இறக்குங்கள். சூடாகக் களிப் பதத்திலேயே வைத்துக்கொண்டால் கிரிட்ஸுக்கு ஈடாக நிற்கும். பாலாடைக்கட்டி வேண்டாம், அது தருகிற புளிப்பும் உப்பும் இதிலேயே இருக்கின்றன.

ஒரு கைப்பிடி கூனியை மண் போக அலசிப் பிழிந்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூடாதீர்கள். பச்சை எறாவை நொச்சிக்குப்பத்தில் தலையோடு வாங்குங்கள். தலைகளை நல்லெண்ணெயில் வதக்கி நசுக்கிப் பிழிந்தால் சிவந்த சாறு வரும். ருசி முழுக்க அதில்தான். அந்தச் சாற்றில் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், கொஞ்சம் புளி சேர்த்துச் சுண்டவிட்டு, உரித்த எறாவைக் கடைசியில் போடுங்கள். மூன்று நிமிஷத்துக்குமேல் அடுப்பில் வைத்தால் ரப்பராகிவிடும். களியின்மேல் தொக்கு, அதன்மேல் வறுத்த கூனி, பக்கத்தில் பச்சை வெங்காயம். பிரமாதமாக இருக்கும். வெண்ணெய் போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், குற்றமில்லை.

குறிப்பு எழுதி வைப்பவர்கள் யார் சொல்லிக்கொடுத்தது என்று பெயரை மேலே எழுதுங்கள், உள்ளே ஒளிக்காதீர்கள். சொல்லிக்கொடுத்த நேரமும் வேலை நேரம்தான், கூலிக்கணக்கில் சேருங்கள். செய்ததை அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே மாதிரிக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள். அவர் குறை சொன்னால், அதை ருசியறிந்தவரின் தீர்ப்பாகக் கேளுங்கள். இதில் எதுவும் புரட்சி இல்லை என்று தெரியும். பெரும்பாக்கத்து பஸ் இதனால் சீக்கிரம் வந்துவிடாது. கரையில் இடித்த வீடு எழும்பாது. அதற்கான போராட்டம் சமையலறைக்கு வெளியே நடக்க வேண்டியது. ஆனால் கூழை மேலே தூக்கிவிட்டோம் என்ற பெருமையையாவது கைவிடலாம். கூழ் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. ஏறியதும் இறங்கியதும் அதைச் சுற்றியிருந்த நாம்தான்.

எது உண்மையில் உயர்ந்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அபிராமபுரத்து அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கூனியை வறுக்க வேண்டும். அடுத்த நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து மாடிப்படி அறிவிப்புப் பலகையில் காகிதம் எதுவும் ஒட்டப்படாமல் இருந்தால் அந்தக் கட்டடம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.